மெஷ் வைஃபை: மாடிக்குக் கேபிள் இழுப்பதா, காற்றிலேயே விடுவதா?

திருச்சியில் எங்கள் வீடு தரைத்தளம், முதல் தளம், மொட்டைமாடியில் ஒற்றை அறை என மூன்று அடுக்காக அமைந்தது. தெருக்கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் கேபிள் தரைத்தளக் கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பின்னால் உள்ள பெட்டியில் வந்து முடிகிறது. கீழே அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். நடுத்தளத்தில் நாங்களும் குழந்தைகளும். மேலே நான் அலுவலக வேலை பார்க்கும் அறை. 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டியும், மேலறையில் காணொளிக் கூட்டங்களின்போது எதிரில் இருப்பவர்களின் முகம் பாதிப் பேச்சில் உறைந்து நிற்பதைப் பார்த்துச் சலித்துப்போய், பல கருவிகள் தங்களுக்குள் இணைந்து வீடு முழுதும் ஒரே வைஃபையாகப் பரப்பும் மெஷ் தொகுப்பு ஒன்றை, தளத்துக்கு ஒன்றாக மூன்று கருவிகளோடு வாங்கினேன். அரை மணி நேரத்தில் அது இயங்கத் தொடங்கியது. கைபேசியில் எல்லா இடத்திலும் முழுக் கோடுகள் தெரிந்தன. ஆனால் வேகத்தை அளந்தபோது கீழே 290, நடுவில் 140, மேலே 40 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. மாலையில் பிள்ளைகள் படம் பார்க்கத் தொடங்கினால் மேலறையில் அதுவும் பாதியாகக் குறைந்தது.

கைபேசியில் தெரியும் கோடுகளை நம்பி ஏமாறுகிறவர்கள் பலர் என்பதால் இதைச் சற்று விளக்க வேண்டும். அந்தக் கோடுகள், கைபேசிக்கும் அதன் பக்கத்தில் உள்ள மெஷ் கருவிக்கும் இடையே சமிக்ஞை எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. அந்தக் கருவிக்கும், இணையம் வந்து சேரும் முதன்மைக் கருவிக்கும் இடையே உள்ள இணைப்பைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. அந்த இரண்டாவது இணைப்பைத்தான் இத்துறையில் பேக்ஹால் என்கிறார்கள். வீட்டுக்குள் குழாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மேல்தொட்டிக்கு ஏறும் குழாய் ஒல்லியாக இருந்தால் தண்ணீர் ஒழுகித்தான் வரும். இங்கும் அதே நிலைதான். எனவே மெஷ் வாங்கப்போகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்த நிறுவனத்தின் கருவி என்பதை அல்ல, கருவிகளுக்கு நடுவே தரவு காற்றில் போகப்போகிறதா, கேபிளில் போகப்போகிறதா என்பதையே.

நம் ஊர் வீடுகளில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்துக் கட்டிய வீடுகள் வழக்கமாக உள்ள நாடுகளில் எழுதப்படும் பரிந்துரைகள், ஐந்து அங்குலக் காங்கிரீட் தளத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. செங்கல் சுவர் சமிக்ஞையைக் குறைக்கும், ஆனால் கடத்திவிடும். தளம் அப்படி எளிதில் விடுவதில்லை. காங்கிரீட்டின் அடர்த்தி, அதில் தங்கியிருக்கும் ஈரம், உள்ளே ஓடும் இரும்புக் கம்பி வலை ஆகிய மூன்றும் சேர்ந்து அலையின் ஆற்றலைப் பெருமளவு உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. சமிக்ஞையின் வலிமையை அளக்கும் டெசிபல் கணக்கில் 3 குறைந்தால் ஆற்றல் பாதி. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. வேகம் தரும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைகள், தொலைவு செல்லும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைவிட இப்படிப்பட்ட தடைகளில் கூடுதலாக அடிபடுகின்றன. ஆகவே இடையில் ஒரு தளம் வந்தவுடன் கருவிகள் பெயரளவுக்கு 5 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது நமக்குத் தெரியாமலே 2.4-க்கு இறங்கிவிடும். அந்த 2.4-இல் ஒன்றன்மீது ஒன்று ஏறாத சேனல்கள், அதாவது அலைவரிசைக்குள் உள்ள தனிப் பாதைகள், 1, 6, 11 என மூன்றுதான். தெருவில் உள்ள அத்தனை வீடுகளும் அந்த மூன்றையே பங்கிட்டுக்கொள்கின்றன.

அலைகள் பரவும் வடிவத்தையும் பலர் கவனிப்பதில்லை. நெட்டுக்குத்தாக நிற்கும் ஆன்டெனா தன் ஆற்றலின் பெரும்பகுதியைப் பக்கவாட்டில், வடை வடிவத்தில் வெளியிடுகிறது. தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் மிகக் குறைவாகவே செல்கிறது. அதனால் கீழ்த்தளக் கருவிக்கு நேர் மேலே முதல் தளக் கருவியை வைப்பது, தொலைவு குறைவு என்ற வகையில் சரியாகத் தோன்றினாலும், அலையின் பலவீனமான திசையையும் தளத்தின் முழுத் தடிமனையும் ஒருசேரத் தேர்ந்தெடுப்பதாகிவிடும். காற்றில்தான் இணைக்கப்போகிறோம் என்று முடிவு செய்துவிட்டால், வீட்டில் அலை ஏறிப்போக இருக்கும் திறந்த வழி படிக்கட்டுதான். முதன்மைக் கருவியைப் படிக்கட்டின் அடிப்பகுதி தெரியும்படியும், அடுத்ததை மேலே படி முடியும் இடத்திலும் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் நடுத்தளக் கருவியைப் படுக்கையறை அலமாரியிலிருந்து எடுத்துப் படிக்கட்டுத் திருப்பத்துக்கு எதிரில் வைத்தவுடன் 140 ஆக இருந்த வேகம் 190-க்கு ஏறியது. முன்பு அது நின்ற இடத்துக்கும் படிக்கட்டுக்கும் நடுவே இரும்பு பீரோ ஒன்று நின்றது என்பது பிறகுதான் உறைத்தது. பீரோ, ஆளுயரக் கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் நிரம்பிய தொட்டி ஆகியவை அலையைத் திருப்பிவிடும் அல்லது விழுங்கிவிடும். மெஷ் செயலியில் பேக்ஹால் சமிக்ஞை டெசிபல்-மில்லிவாட் கணக்கில் காட்டப்பட்டால், அது -65 அல்லது அதைவிட நன்றாக, அதாவது பூஜ்ஜியத்துக்கு இன்னும் நெருக்கமாக, இருக்கும் இடத்தைத் தேடுங்கள். -75-ஐ நெருங்கினால் அந்த இடம் ஆகாது.

இடம் சரியாக அமைந்தாலும் காற்று வழி இணைப்புக்கு அதன் இயல்பிலேயே ஒரு வரம்பு இருக்கிறது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். விலை குறைந்த இரட்டை அலைவரிசைத் தொகுப்புகளில், கைபேசியிடமிருந்து வாங்கும் தரவைத் துணைக் கருவி அதே அலைவரிசையில்தான் முதன்மைக் கருவிக்குத் திரும்பவும் அனுப்பியாக வேண்டும். ஒரே தரவு ஒரே காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது. வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. மூன்றாவது தளம் நடுத்தளத்தின் வழியாகச் சங்கிலிபோல் இணைந்தால் அதே தரவு மூன்று முறை பயணிக்கிறது. எங்கள் மேலறையின் 40 எம்பிபிஎஸ்ஸுக்கு இந்தக் கணக்கும் நடுவில் உள்ள இரண்டு தளங்களும் சேர்ந்தே காரணம். பெட்டியின்மேல் ஏஎக்ஸ் 3000 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து 3000 எம்பிபிஎஸ் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். அது இரண்டு அலைவரிசைகளின் உச்ச இணைப்பு வேகங்களைக் கூட்டிப் போட்ட எண். எந்த ஒரு கைபேசியும் அந்தக் கூட்டுத்தொகையைக் காணப்போவதில்லை.

மூன்று அலைவரிசைத் தொகுப்புகள் இந்தக் குறையை ஓரளவு தீர்க்கின்றன. பேக்ஹாலுக்கென்றே தனி ரேடியோ ஒன்றை ஒதுக்குவதால் பாதியாகும் சிக்கல் பெரிதும் குறைகிறது. 2018-இல் இந்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் உரிமம் தேவைப்படாத அலைப்பரப்பை 605 மெகாஹெர்ட்ஸாக விரிவாக்கியதால் சேனல்களும் முன்பைவிடக் கூடுதலாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் நடுப்பகுதிச் சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அங்கே கருவி ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டே பேசத் தொடங்கும்; ரேடாரைப் போன்ற துடிப்பை உணர்ந்தால் சேனலை விட்டு விலகும். விமான நிலையத்துக்கு அருகில் குடியிருப்பவர்கள் நாளில் சில முறை காரணம் தெரியாமல் இணைப்பு அறுந்து ஒட்டுவதைக் கண்டால் இதையும் சந்தேகிக்கலாம். வைஃபை 7 கருவிகளில் பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் சேர்த்துப் பயன்படுத்தும் வசதி வந்திருக்கிறது, நல்ல முன்னேற்றம்தான். என்றாலும் 6 கிகாஹெர்ட்ஸ் வசதியை நம்பி வாங்குவோர், தம் நாட்டில் விற்கும் மாதிரியில் அது திறந்துவிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும். ஏனெனில் அந்தப் பகுதியைப் பயன்படுத்தும் விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. மேலும் அந்த அலைகள் காங்கிரீட்டில் 5 கிகாஹெர்ட்ஸைவிட மேலாக ஊடுருவப்போவதில்லை.

இவ்வளவும் சொன்னதால் காற்று வழி இணைப்பு மோசமானது என்று பொருளில்லை. ஒரே தளத்தில் பரந்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்று படுக்கையறைகளுக்கு நடுவே இரண்டொரு செங்கல் சுவர்கள்தான் இருக்கின்றன என்றால், இரண்டு கருவிகளைக் காற்றிலேயே இணைத்து 100 எம்பிபிஎஸ் திட்டத்தை மூலைமுடுக்கெல்லாம் முழுதாகக் கொண்டுசேர்த்துவிடலாம். வாடகை வீட்டில் ஆணியடிக்கவே உரிமையாளரிடம் கேட்க வேண்டியிருக்கும். ஆண்டுக்கொரு முறை வீடு மாறவும் நேரலாம். அங்கே சுவருக்குள் கேபிள் இழுப்பதைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. தேவை என்ன என்பதையும் பார்க்க வேண்டும். உயர்தெளிவுப் படம் ஒன்றைப் பார்க்க 5 முதல் 8 எம்பிபிஎஸ் போதும். 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் தாராளம். அம்மா யூடியூபில் கச்சேரி கேட்பதற்கு எந்த இணைப்பும் போதுமானது. காற்று வழி இணைப்பு தோற்பது சராசரி வேகத்தில் அல்ல, சீரின்மையில். கேபிளில் ஒரு தாவலுக்கு, அதாவது ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்குத் தரவு போய்ச் சேர, ஒரு மில்லிவினாடிகூட ஆகாது. காற்றில் அதே தாவல் அமைதியான நேரத்தில் சில மில்லிவினாடிகளில் முடியும். அண்டை வீட்டுக் கருவியும் நம் வீட்டுத் தொலைக்காட்சியும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் அது பல பத்து மில்லிவினாடிகளுக்கு ஏறும். திரைப்படம் முன்கூட்டியே தரவைச் சேமித்து அந்தத் தாமதத்தை மறைத்துவிடும். காணொளி அழைப்பும் இணைய விளையாட்டும் மறைக்க முடியாமல் மாட்டிக்கொள்ளும். வீட்டிலிருந்து வேலை செய்வோர், இணைய வழியில் பாடம் எடுப்போர், மருத்துவரோடு காணொளியில் பேச வேண்டிய முதியோர் ஆகியோர் இருக்கும் வீட்டில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கேபிள் வழி பேக்ஹால் தருவது வேகத்தை மட்டுமன்று. கருவிகள் தங்களுக்குள் பேசும் பேச்சு காற்றிலிருந்து விலகிவிடுவதால், அந்தக் காற்று முழுதும் கைபேசிகளுக்கும் மடிக்கணினிகளுக்கும் கிடைக்கிறது. தளத்துக்குத் தளம் வேறு சேனலில் கருவிகளை இயக்க முடிகிறது. கேபிள் இருந்தால் விலை குறைந்த இரட்டை அலைவரிசைத் தொகுப்பே, கேபிள் இல்லாத விலையுயர்ந்த மூன்று அலைவரிசைத் தொகுப்பைவிட நன்றாக வேலை செய்யும். எங்கள் வீட்டில் கேபிளுக்கும் கூலிக்கும் ஆன மொத்தச் செலவு, அந்த இரண்டு வகைத் தொகுப்புகளுக்கும் இடையில் உள்ள விலை வித்தியாசத்தைவிடக் குறைவாகத்தான் இருந்தது. கருவியை நான்கைந்து ஆண்டுகளில் மாற்றத்தான் போகிறோம். கேபிளோ நன்றாக இழுத்துவிட்டால் அடுத்த இரண்டு மூன்று தலைமுறைக் கருவிகளுக்கும் உழைக்கும். கேட்-5இ வகை நெட்வொர்க் கேபிளே 100 மீட்டர் வரை 1 கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், தரும், 2.5 கிகாபிட்டும் தரும். கேட்-6 கேபிள், குறைந்த தூரத்தில், அதாவது ஏறத்தாழ 50 மீட்டருக்குள், 10 கிகாபிட் வரை தாங்கக்கூடியது. எங்கள் வீட்டில் கீழ்க்கூடத்திலிருந்து மேலறை வரை அளந்தால் வளைவு நெளிவெல்லாம் சேர்த்து 18 மீட்டர்.

சுவரை உடைக்க வேண்டியிருக்கும் என்ற பயம்தான் பெரும்பாலோரை நிறுத்திவிடுகிறது. என்னையும் ஓராண்டு நிறுத்தியது. மின்வேலை பார்க்க வந்தவர் கூடத்தின் தொலைக்காட்சிச் சுவர்ப்பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சார், டிஷ் ஒயர் மாடியிலேர்ந்து இதே குழாய்லதான் எறங்குது. இதுலயே விட்டுடலாம், சுவத்தத் தொடவே வேணாம்" என்றார். மொட்டைமாடியில் உள்ள டிடிஎச் தட்டிலிருந்து கூடத்துக்கு இறங்கும் கோஆக்சியல் கேபிளுக்காக வீடு கட்டும்போதே 20 மில்லிமீட்டர் பிவிசி குழாய் போட்டிருந்தார்கள். அது முதல் தளத்தில் ஒரு ஜங்ஷன் பாக்ஸில் நின்று செல்கிறது. தமிழ்நாட்டில் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் கட்டிய தனிவீடுகள் பலவற்றில் இப்படி ஒரு குழாய் இருக்கும். மாடி வெளிச்சுவரில் கேபிள் எந்த இடத்தில் சுவருக்குள் நுழைகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அவர் செய்த வேலையைக் கூடவே நின்று பார்த்தேன். பழைய கோஆக்சியலின் கீழ்முனையில் நைலான் கயிற்றைக் கட்டி, மேலிருந்து கோஆக்சியலை உருவினார். கயிறு குழாய் நெடுகிலும் வந்து நின்றது. பிறகு கயிற்றின் மேல்முனையில் பழைய கோஆக்சியலையும் புதிய கேட்-6 கேபிளையும் முனை தள்ளி முனையாக வைத்து, முடிச்சு துருத்தாதபடி இன்சுலேஷன் டேப் சுற்றி, டால்கம் பவுடரைத் தூவிக் கீழிருந்து இழுத்தார். குழாயின் ஒரு வளைவில் (பெண்டில்) மட்டும் சிக்கியது. பிடித்து வலிந்து இழுக்காமல், சற்றே பின்னுக்கு விட்டுத் திருப்பித் திருப்பி இழுத்ததில் வந்துவிட்டது. அந்தப் பொறுமை முக்கியம். வலிந்து இழுத்தால் உள்ளே முறுக்கியிருக்கும் கம்பி ஜோடிகளின் அமைப்பு குலையும். கேபிளின் விட்டத்தைப் போல் நான்கு மடங்குக்குக் குறையாத ஆரத்தில்தான் அது வளைய வேண்டும் என்பது கணக்கு.

கேபிள் மேலே வந்த அன்று மாலை வேகத்தை அளந்தால் 94 எம்பிபிஎஸ்தான் காட்டியது. சிலருக்கு இந்த எண்ணைப் பார்த்தவுடனே புரிந்திருக்கும். கிகாபிட் இணைப்புக்குக் கேபிளின் உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளும், அதாவது நான்கு ஜோடிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். எட்டில் ஏதேனும் ஒன்று சரியாகப் பதியாவிட்டால், கருவிகள் குறை சொல்லாமல் 100-க்கு இறங்கி வேலை செய்யத் தொடங்கிவிடும். இணைப்பு இருக்கிறதே என்று நாமும் ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டுவிடுவோம். கேபிள்களை ஒன்றுசேர்க்கும் நெட்வொர்க் ஸ்விட்சின் விளக்கு பச்சைக்குப் பதில் ஆரஞ்சாக எரிந்தது. மேல்முனை ஆர்ஜே-45 இணைப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசை சரியாகவே இருந்தது. ஆனால் கடைசிப் பழுப்புக் கம்பி மட்டும் இணைப்பியின் முன்விளிம்பு வரை எட்டாமல், அரிசிமணி அளவு குட்டையாக நின்றிருந்தது. அந்த முனையை வெட்டிவிட்டு, இணைப்பியை மறுபடி அழுத்திப் பொருத்தியதும் (கிரிம்ப் செய்ததும்) விளக்கு பச்சையானது. மேலறையில் 280 எம்பிபிஎஸ் கிடைத்தது. வேலை முடிந்தது என்று கூலியைக் கொடுப்பதற்கு முன்பு, ஒவ்வொரு முனையிலும் இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா என்பதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

கேபிள் வாங்கும்போதும் ஓர் எச்சரிக்கை தேவை. அலுமினியக் கம்பிமேல் செம்பு முலாம் பூசிய கேபிள்கள் கேட்-6 என்ற அச்சோடு பாதி விலைக்கு விற்கப்படுகின்றன. அவற்றின் மின்தடை கூடுதல். கம்பி வளைத்தால் எளிதில் முறியும். மின்சாரமும் சேர்த்து அனுப்பினால் சூடேறும். சுவருக்குள் போகப்போகிற கேபிளுக்கு முழுச் செம்புதான் ஆகும். முனையைச் சீவிப் பார்த்தால் உள்ளே வெள்ளி நிறம் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். அதேபோல் மின்கம்பிகள் ஓடும் குழாயிலேயே இதையும் திணிக்க எந்த வேலையாள் சொன்னாலும் மறுத்துவிட வேண்டும். இரைச்சல் ஏறும் என்பதைவிட, 230 வோல்ட் கம்பியின் உறை தேய்ந்தால் என்ன ஆகும் என்பதே அதற்குப் போதுமான காரணம்.

குழாயே இல்லாத வீட்டில் வெளிச்சுவர் வழியாக ஏற்றலாம். அதற்கு வெயிலைத் தாங்கும் கறுப்பு உறையுள்ள, வெளிப்புறப் பயன்பாட்டுக்கான கேபிள் வேண்டும். சாதாரணச் சாம்பல் நிறக் கேபிள் நம் வெயிலில் சில ஆண்டுகளிலேயே வெடித்துவிடும். அணில் கடித்தால் அதற்கும் முன்பே போய்விடும். மின்னல்தான் பெரிய அச்சம். எங்கள் தெருவிலேயே நண்பர் ஒருவர் முன்வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் நடுவே திறந்தவெளியில் செம்புக் கேபிளைத் தொங்கவிட்டிருந்தார். ஐப்பசி மாதத்து இடிமழை இரவொன்றில் இரண்டு முனைகளிலும் இருந்த கருவிகளின் நெட்வொர்க் துளைகள் செயலிழந்துவிட்டன. இத்தனைக்கும் மின்னல் வீட்டின்மேல் விழவில்லை. பக்கத்தில் எங்கோ விழுந்தாலே நீண்ட செம்புக் கம்பியில் மின்தாக்கம் தூண்டப்பட்டுவிடும். அவர் பிறகு அந்தத் தூரத்துக்கு ஃபைபர் கேபிள் போட்டு, இரு முனைகளிலும் ஃபைபரைச் செம்புக் கேபிளோடு சேர்க்கும் மீடியா கன்வெர்ட்டர் வைத்துக்கொண்டார். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. இணையம் கொடுக்க வருகிற ஆட்களிடமே முனை சேர்க்கும் கருவி இருக்கிறது. ஒரே கட்டடத்துக்குள் செம்பு, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

கேபிளும் காற்றும் அல்லாத நடுவழிகள் இரண்டு பேசப்படுகின்றன. கோஆக்சியல் கேபிளிலேயே நெட்வொர்க்கை அனுப்பும் மோக்கா முறை, 2.5 கிகாபிட் வரை தரக்கூடிய நல்ல தொழில்நுட்பம். ஆனால் டிடிஎச் தட்டிலிருந்து இறங்கும் சமிக்ஞை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் ஓடுகிறது; மோக்காவும் அதே பகுதிக்குள் ஓடுவதால், இரண்டும் ஒரே கேபிளில் மோதிக்கொள்ளும். மின்கம்பி வழியே அனுப்பும் பவர்லைன் முறையில் இரு முனைகளும் ஒரே ஃபேஸில் இருந்தால்தான் நம்பலாம். நம் வீடுகளிலோ கீழ்த்தளம் ஒரு ஃபேஸ், மாடி வேறொரு ஃபேஸ், இன்வெர்ட்டர் லைன் தனி என்றிருக்கும். இவை இரண்டையும் கடைசி வழியாக மட்டுமே நான் பரிந்துரைப்பேன்.

மின்வெட்டைக் கணக்கில் கொள்ளாத ஒப்பீடு நமக்கு உதவாது. வீடுகளில் இன்வெர்ட்டர் இருந்தாலும் அதன் லைன் பெரும்பாலும் விளக்கு, மின்விசிறிகளோடு நின்றுவிடும்; மெஷ் கருவி செருகியிருக்கும் பிளக் பாயின்ட்டுக்கு அது வராது. காற்று வழிச் சங்கிலியில் நடுத்தளக் கருவி அணைந்தால், மேலறைக் கருவிக்கு மின்சாரம் இருந்தும் இணையம் இருக்காது. எங்கள் வீட்டில் இது பலமுறை நடந்தது. கேபிள் வந்த பிறகு நடுத்தளத்துக்கும் மேலறைக்கும் தனித்தனிக் கேபிளாகக் கீழே ஒரு ஸ்விட்சில் சேர்த்துவிட்டோம். இப்போது ஃபைபர் பெட்டியும் ஸ்விட்சும் சிறிய யூபிஎஸ் ஒன்றில் இருந்தால் போதும். ஒரு தளம் அணைவது இன்னொரு தளத்தைப் பாதிப்பதில்லை. பிஓஈ வசதியுள்ள ஸ்விட்சும் அதை ஏற்கும் கருவியும் வாங்கினால் இன்னும் நல்லது. கேபிளிலேயே மின்சாரமும் ஏறிவிடுவதால், கீழே உள்ள ஒரே யூபிஎஸ் மூன்று தளங்களையும் தாங்கும். 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு துளைக்கு 15.4 வாட், 2009-இல் வந்த 802.3ஏடி தரத்தில் 30 வாட். வீட்டு மெஷ் கருவிகளில் பல இதை நேரடியாக ஏற்பதில்லை என்பதால் வாங்குமுன் பார்க்க வேண்டும்.

கருவியில் பார்க்க வேண்டிய மற்றவை சில. துணைக் கருவியிலும் ஈதர்நெட் துளை இருக்க வேண்டும்; அது கிகாபிட் துளையாக இருக்க வேண்டும். விலை குறைந்த மாதிரிகள் சிலவற்றில் 100 எம்பிபிஎஸ் துளைகளே இருப்பதால், எவ்வளவு நல்ல கேபிள் போட்டும் பயனில்லாமல் போகும். இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியிலும் சில துளைகள் 100-க்கு மேல் போகாதவையாக இருக்கலாம். அந்தப் பெட்டியும் ரவுட்டராக இயங்கி, மெஷ்ஷும் ரவுட்டராக இயங்கினால் முகவரி மாற்றம் இரண்டு முறை நடக்கும். பெட்டியை, தரவை அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கோ, மெஷ்ஷை, வைஃபை மட்டும் தரும் ஆக்செஸ் பாயின்ட் முறைக்கோ மாற்றிவிட வேண்டும். கேபிள் போட்ட பிறகும் கருவிகள் காற்றிலேயே பேசிக்கொண்டிருந்தால், நடுவில் உள்ள ஸ்விட்சை மாற்றிப் பாருங்கள்; சில தொகுப்புகள் ஒன்றையொன்று அடையாளம் காணப் பயன்படுத்தும் 1905.1 வகைத் தரவுப் பொட்டலங்களைச் சில ஸ்விட்சுகள் கடத்துவதில்லை.

ஆகவே என் முடிவு வீடு முழுமைக்கும் ஒன்றாக அமைவதில்லை. நடுவில் தளம் வருகிற இடமெல்லாம் கேபிள். சுவர் மட்டும் வருகிற இடத்தில் காற்று. இரண்டு தளத் தனிவீட்டுக்கு ஒரே ஒரு நெட்டுக்குத்துக் கேபிள் போதும். மேல்தளத்தில் இரண்டாவது கருவி தேவைப்பட்டால் அது பக்கத்து அறையிலிருந்து காற்றில் சேர்ந்துகொள்ளட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் முதலில் காற்றில் இணைத்துப் பார்த்து, வேலைக்கான மேசை இருக்கும் அறையில் மட்டும் குறை தெரிந்தால், சுவரோரப் பட்டையை ஒட்டித் தட்டையான கேபிளைக் கதவு நிலைக்கடியில் கொண்டுபோய்விடலாம். வாடகை வீட்டில் இருப்போர் மூன்று அலைவரிசைத் தொகுப்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயமான செலவு. வீடு மாறும்போது அது கூடவே வரும்.

இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். தளம் போடுவதற்கு முன்பு, ஃபைபர் நுழையப்போகும் இடத்திலிருந்து ஒவ்வொரு தளத்தின் நடுப்பகுதிக்கும், மின்குழாயிலிருந்து தள்ளி, 25 மில்லிமீட்டர்க் காலிக் குழாய் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். கூர்மையான எல்போ வேண்டாம், நீளமான பெண்டு வேண்டும், உள்ளே ஒரு நைலான் கயிறும் விட்டுவைக்க வேண்டும். கருவி நிற்க வேண்டிய இடத்தில், கூரைக்குச் சற்றுக் கீழே, ஒரு சுவர்ப்பெட்டியும் பக்கத்திலேயே இன்வெர்ட்டர் லைனில் ஒரு பிளக் பாயின்ட்டும் இருக்கட்டும். கம்பி கட்டி முடித்துக் காங்கிரீட் கொட்டுவதற்கு முந்தைய நாள் நீங்களே மேலேறி, அந்தக் குழாய்களின் வாய் சிமெண்ட் புகாதபடி துணியோ மூடியோ வைத்து அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.